அப்பா சொன்ன வயது

குலசேகரன்பட்டினத்தில் பல ஆண்டுகள் நடந்து, பின்னர் பூட்டியே கிடந்த ஒரு வாடகை சைக்கிள் நிலையத்தின் கொட்டகையை 2024ஆம் ஆண்டு தசராவுக்குச் சில நாட்கள் முன்னர் பிரித்தார்கள். அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்த நாங்கள் இருவரும், அக்காவும் தம்பியும், அவ்வழியே நடந்து வந்தபோது கடைக்காரர் கைதட்டி அழைத்தார்.

"உங்க அப்பா வித்த சைக்கிளு உள்ளதான் கெடக்கு. பாத்துட்டுப் போங்க."

ஓலைக் குப்பைக்கும் உடைந்த ரிம்களுக்கும் நடுவே அது சாய்ந்து நின்றது. பச்சை வண்ணம். பின் மட்கார்டில் வெள்ளை எழுத்தில் 14 என்ற வாடகை எண். டயர்கள் இல்லை. சீட் இருந்த இடத்தில் துருப்பிடித்த சுருள்கம்பி மட்டும். மூவாயிரம் ரூபாய் கேட்டார். பழைய இரும்புக்கு இது அதிகம் அல்லவா என்றோம். அவர் சற்றே மனம் புண்பட்டவர்போல் எங்களைப் பார்த்தார்.

"அண்ணாச்சி என்ன, சும்மா சொல்லுதனா? சீமைச் சைக்கிளு. லோன் துரை காலத்து வண்டி. உங்க அப்பாவே சொல்லித்தான் எனக்குத் தந்தாவ."

அந்தக் கதை எங்களுக்குப் புதிதன்று. நாங்கள் அதைக் கேட்டே வளர்ந்தோம். 1942ஆம் ஆண்டு செப்டம்பரில், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, இவ்வூர் உப்பளத்தில் லோன் என்னும் உப்புத்துறை அதிகாரி கொல்லப்பட்டார். அவ்வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்னும் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் அது நிறைவேறாமலேயே அவர்கள் விடுதலை பெற்றார்கள். தமிழ்நாட்டு விடுதலைப் போராட்ட வரலாற்றில் எங்கள் ஊர்ப்பெயர் இடம்பெறுவது இவ்வழக்கினால்தான். அப்பாவின் கதை இந்த வரலாற்றின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. துரை இறந்தபின் உப்பு ஆபீசில் நின்ற சைக்கிள் ஏலத்துக்குப் போனது. இரண்டு மூன்று கை மாறியது. கடைசியில் தம்மிடம் வந்து சேர்ந்தது. பர்மிங்காமில் செய்த ஹெர்குலிஸ். இப்போது செய்யும் வண்டிகளில் இந்த இரும்பு கிடையாது. இவ்வளவுதான் கதை. சைக்கிளை விற்கும்போது கடைக்காரரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே கதை, விலையோடு சேர்ந்து எங்களிடம் திரும்பி வந்திருந்தது.

மூவாயிரத்தையும் கொடுத்துச் சைக்கிளை வீட்டுக்கு உருட்டி வந்தோம். உருட்டினோம் என்பதைவிடத் தூக்கினோம் என்பதே சரி.

*

முதலில் எழுந்த ஐயம் அதன் வயதைப் பற்றியதன்று, இது அப்பாவுடையதுதானா என்பதே. வாடகைக் கடைக்காரர்கள் ஒரு வண்டியின் ஃபோர்க்கை இன்னொன்றில் பூட்டுவார்கள். மூன்று வண்டிகளைப் பிரித்து இரண்டாக ஆக்குவார்கள். ஆனால் இரண்டு அடையாளங்கள் எங்களுக்குப் போதுமானவையாக இருந்தன. பாரின் நடுவில், சிறுபிள்ளைகளை உட்கார வைக்கும் சின்ன சீட்டின் பிடி இறுகி விழுந்த இரு பள்ளங்கள். எங்களில் இளையவன் பள்ளியில் சேரும்வரை அமர்ந்திருந்த இடம் அது. அடுத்தது, சீட் கம்பி நுழையும் கழுத்தருகே விரிசல் விட்ட இடத்தில் பித்தளை ஊற்றி ஒட்டிய தழும்பு. திருச்செந்தூரில் அதை ஒட்டக் கொடுத்துவிட்டு நாள் முழுதும் அப்பாவோடு கடற்கரையில் காத்திருந்தது எங்கள் இருவருக்குமே நினைவிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே சட்டத்தில், எங்கள் நினைவில் உள்ள அதே இடங்களில் இருந்தன. சட்டம் அப்பாவுடையது. மற்றவற்றுக்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியாது.

அப்படியானால் இது 1942ஆம் ஆண்டுக்கு முந்தைய சட்டமா? அதைத் தெரிந்துகொள்ள விரும்பினோம். ஏன் விரும்பினோம் என்று அப்போது கேட்டிருந்தால், அப்பா சொன்னதை மெய்ப்பிக்க என்று உடனே சொல்லியிருப்போம்.

வெளிநாட்டுப் பந்தய சைக்கிள்களைப் பழையதாக வாங்குகிறவர்களுக்கு இவ்வேலை ஓரளவு எளிது. இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் தன் கியர் ஹப்பின் உடம்பிலேயே ஆண்டின் கடைசி இலக்கங்களைப் பொறித்தது. பிற்பாடு மாதத்தையும் சேர்த்தது. ஜப்பானின் ஷிமானோ 1976 தொடங்கி இரண்டு ஆங்கில எழுத்துக்களில் ஆண்டையும் மாதத்தையும் குறித்து வந்தது. இத்தாலியின் காம்பனோலோ, பின்சக்கரக் கியர் மாற்றியில் காப்புரிமை என்ற சொல்லோடு ஆண்டையும் பொறித்ததுண்டு. நம்மூர்ச் சைக்கிளில் கியர் இல்லை. ஆகவே அதில் தேதியும் இல்லை. கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம், முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்ற இந்த அமைப்பு, இந்தியாவில் இன்றுவரை பெரிய மாற்றமின்றித் தொடர்கிறது. தாத்தாவின் சைக்கிளையும் பேரனின் சைக்கிளையும் அருகருகே நிறுத்தினால் எது மூத்தது என்று உருவத்தைக் கொண்டு சொல்ல முடியாது.

துரு சொல்லும் என்று நினைத்தோம். அதுவும் சொல்லாது. கோவில்பட்டியில் முப்பது ஆண்டு உழைக்கும் ரிம் எங்கள் ஊரில் பத்தாண்டில் பொடியாகும். காலையில் துடைத்து வைத்த இரும்பில் மாலையில் விரலை வைத்து நக்கினால் கரிக்கும். உப்புக் காற்று எல்லாப் பொருளுக்கும் வயதைக் கூட்டிச் சொல்லும் ஊர் இது. இங்கே பழசாகத் தெரிவது எளிது. துருவை ஒரு கடிகாரமாகக் கொள்வதானால், அது வேகமாக ஓடும் கடிகாரம்.

பிறகு உறுப்புகளைத் தனித்தனியே பார்த்தோம். ஹப்புகள் இரண்டிலும் இந்தியாவில் செய்தது என்ற பொறிப்பு இருந்தது. பெடல் புதியது. செயின் மிகப் புதியது. கிராங்கின் காட்டர் பின் ஒன்று பழையது, ஒன்று புதியது. ஹேண்டில் பாரில் உரிந்துபோன குரோமியப் பூச்சின் மிச்சம் இருந்தது. இங்கேதான் எங்களுக்கு முதல் இடறல். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் குரோமியமும் நிக்கலும் போர்த் தேவைகளுக்குப் போய்விட்டதால், அந்த ஆண்டுகளில் செய்த சைக்கிள்களின் ஹேண்டில் பாருக்கும் ரிம்முக்கும்கூடக் கருப்பு வண்ணமே அடித்தார்கள். போருக்குச் சற்று முன்பு வந்த வண்டியாக இருக்கலாமே என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். தவிரவும், ஹேண்டில் பார் மாற்றக்கூடிய பொருள். மாற்றக்கூடிய எதுவும் சட்டத்தின் வயதுக்குச் சாட்சி ஆகாது. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்ததைப் பற்றி புளூட்டார்க் எழுதியிருப்பது, வாடகைக் கடைச் சைக்கிளுக்கு அப்படியே பொருந்தும். ஒரு வித்தியாசம்: கப்பலில் எல்லாப் பலகையும் மாறின, சைக்கிளில் சட்டம் மிஞ்சும்.

சட்டத்தில் எஞ்சியிருந்தவை மூன்று. சீட் கழுத்தில் பொறித்த எண்; அதில் பாதி பித்தளைத் தழும்பின் அடியில் போய்விட்டது. முன் கழுத்தில் நிறுவனத்தின் முத்திரைத் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள், தகடு இல்லை. மூன்றாவது, வண்ணம்.

வாடகைக் கடைகளில் பழைய வண்ணத்தைச் சுரண்டிவிட்டுப் புதிது அடிக்கும் வழக்கம் இல்லை. இருக்கிற வண்ணத்தின் மேலேயே அடித்துவிடுவார்கள். எனவே மண்ணடுக்குப்போல எல்லாம் அடியில் இருக்கும். சீட்டுக்குக் கீழிறங்கும் குழாயை மண்ணெண்ணெய்த் துணியாலும் சவர பிளேடாலும் இரண்டு நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தோம். பச்சைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் ஒரு மங்கல் சிவப்பு. அதற்கும் அடியில் கருப்பு. அப்பா ஓட்டிய நாளில் அது கருப்பு. அந்தக் கருப்பின்மேல் உள்ளங்கையளவில் மஞ்சள் எழுத்துகள் தெரிந்தன. சைக்கிளை முதலில் விற்ற கடை ஒட்டிய விளம்பரப் படம். கடையின் பெயர் அழிந்திருந்தது. 'சைக்கிள் விற்பனை நிலையம்' என்ற சொற்களும், அடுத்த வரியில் 'திருநெல்வேலி' என்பதும், அதையொட்டி ஆறு இலக்கங்களில் முதல் நான்கும் படிக்கும்படி இருந்தன: 6270.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அஞ்சல் குறியீட்டு எண் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன் எந்தக் கடைக்காரரும் தம் ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஆறு இலக்கம் எழுதியிருக்க முடியாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 'விற்பனை' என்பதில் வரும் னையும், 'நிலையம்' என்பதில் வரும் லையும், பழைய வடிவில், தலைமேல் யானை துதிக்கை தூக்கியதுபோல் வளைந்த கொம்போடு இருந்தன. இவ்விதழின் வாசகர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பெரியார் தம் 'குடிஅரசு' இதழில் 1935 முதல் கையாண்ட சீர்திருத்த எழுத்து, அவரது நூற்றாண்டையொட்டி 1978இல் தமிழக அரசின் ஆணையாயிற்று. அதன்பின் அச்சிலிருந்தும் பள்ளிப் பாடநூல்களிலிருந்தும் துதிக்கை வைத்த எழுத்துகள் மறைந்தன. சுவரிலும் பலகையிலும் எழுதும் ஓவியர்கள் மேலும் சில ஆண்டுகள் பழைய கையை விடவில்லை என்பது உண்மை. ஆயினும் இவ்வடிவம் நம்மை 1970களுக்குள்ளேயோ, அதை ஒட்டியோதான் நிறுத்துகிறது.

கல்வெட்டில் தேதி இல்லாதபோது எழுத்தமைதியைக் கொண்டு காலம் கணிப்பார்கள். எங்கள் மாவட்டத்துச் சிவகளையில் முதுமக்கள் தாழியொன்றில் கிடைத்த நெல்லுமிக்கு கி.மு. 1155 என்ற காலம் வந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது; அதற்கு அமெரிக்க ஆய்வுக்கூடம் தேவைப்பட்டது. எங்கள் சைக்கிளுக்கு ஒரு லையும் ஒரு னையும் போதுமானவையாக இருந்தன.

இனி ஒதுக்குவதற்கு ஒரு வாதம்தான் மிச்சம். பழைய சீமைச் சைக்கிளை 1970களில் திருநெல்வேலிக் கடை ஒன்று புதுக்கித் தன் விளம்பரத்தை ஒட்டி மறுபடி விற்றிருக்கலாமே? அந்தக் கருப்பு வண்ணத்துக்கு அடியிலும் பார்த்தோம். வெறும் இரும்பு. அடியில் வேறு வண்ணத்தின் தடமே இல்லை. ஆலையில் சூளையில் வைத்துச் சுட்ட முதல் கருப்பு அதுதான் என்று, எங்களுக்காகப் பார்த்துச் சொன்ன உடன்குடி மெக்கானிக் தீர்ப்பளித்தார். அம்பத்தூர் ஹெர்குலிஸ் என்பது அவர் முடிவு. அதை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949இல் தொடங்கிய ஆலை அது. 1951 தொடங்கி அங்கே ஹெர்குலிஸ் தயாராயிற்று. பர்மிங்காமின் அதே வடிவம், அதே பெயர். அந்த மட்டில் அப்பா சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

ஆனால் லோன் துரை? உப்பு ஆபீஸ்? ஏலம்?

*

இங்கே ஒரு சங்கடமான கணக்கு வந்து சேர்ந்தது. இந்தச் சைக்கிள் அப்பாவுடையதென்றால், அவர் சொன்னது நடக்கவில்லை. அவர் சொன்னது நடந்ததென்றால், இது அவருடைய சைக்கிள் அன்று. பாரின் பள்ளங்களும் பித்தளைத் தழும்பும் முதல் முடிவைத்தான் சொல்லின. இரண்டாம் முடிவுக்கு ஆசைப்பட்டு ஒரு மாலை முழுவதும் அப்பள்ளங்களை அளந்துகொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அளவு நாடா எங்கள் ஆசைக்கு இணங்கவில்லை.

அப்பா பொய் சொல்லுகிறவர் அல்லர். கருப்பட்டி மண்டியில் கணக்கெழுதியவர். ஒரு பைசா இடித்தால் இரவு பத்து மணியானாலும் பேரேட்டை மூடாதவர். ஏலம் எடுத்தவர் யார், எத்தனை ரூபாய் என்றுகூட அந்தக் கதையில் விவரங்கள் இருந்தன. அவ்வளவு விவரமாக ஒருவர் ஏன் பொய் சொல்ல வேண்டும்? யாராவது அவரை ஏமாற்றி விற்றிருக்க வேண்டும் என்று எங்களுக்குள் முடிவு செய்துகொண்டோம். அப்படி நினைப்பது எளிதாக இருந்தது. ஏமாந்தவர்மேல் இரக்கம் மட்டுமே வரும்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து இரண்டு நாட்களாக எங்கள் சுரண்டலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளிடமே கேட்டோம்.

"உப்பு ஆபீசாவது துரையாவது! மண்டியில அவிய கூட வேலை பாத்த பிள்ளைவாள் ஒருத்தரு மெட்ராசுக்குப் போகும்போது குடுத்துட்டுப் போனது. ரெண்டு வருசம் ஓட்டுன வண்டி. மூத்தவ வயித்துல இருக்கா அப்போ."

மூத்தவள் பிறந்தது 1977. கணக்கு நேராகியது. 1974 அல்லது 1975இல் கடையில் வாங்கிய வண்டி. துதிக்கையும் ஆறு இலக்கமும் ஒரே படத்தில் இருப்பதற்கு மிகப் பொருத்தமான ஆண்டுகள். எங்கள் இரண்டு நாள் உழைப்பின் விடை திண்ணையிலேயே இருந்திருக்கிறது; நாங்கள்தான் கேட்கவில்லை.

அப்படியானால் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்றோம். அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மூத்தவளைப் பார்த்தாள்.

"உனக்கு நெனப்பு இல்லியா? நாலாங் கிளாசுல இருந்த. பள்ளிக்கூடத்துக்கு முன்னாலயே என்னை எறக்கி விடுங்கன்னு அழுதியே. எல்லாருக்க அப்பாவும் பளபளன்னு புது சைக்கிள்ல வாராவ, நம்ம சைக்கிளு துருப்புடிச்ச சைக்கிளுன்னு. அன்னிக்கு ராத்திரி அவிய சாப்பிடல. மறுநாள் காலைல உன்னைக் கூட்டிட்டுப் போகும்போது என்னத்தையோ சொல்லிருக்காவ. சாயங்காலம் நீ குதிச்சுக்கிட்டு வந்து, எம்மா, நம்ம சைக்கிளு லோன் துரை சைக்கிளுன்ன."

மூத்தவளுக்கு அது நினைவில்லை. இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஆனால் அதற்குப் பிந்தையது நன்றாக நினைவிருக்கிறது: பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, அந்தத் துருவைத் தொட்டுப் பார்க்க ஆளுக்கொரு முறை அனுமதித்தது. ஆண்டு 1986 ஆக இருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத சைக்கிள், உப்புக் காற்றால் கிழமாய்த் தெரிந்தது. புதிதாக்க அப்பாவிடம் பணம் இல்லை. ஆகவே அதை இன்னும் பழசாக்கினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டு என்பது வெறும் பழசு. நாற்பத்தைந்து ஆண்டு என்பது வரலாறு. கணக்குப்பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தின் மதிப்பு தெரிந்திருக்கிறது.

ஒருமுறை சொன்னதை அவரால் பிறகு திரும்பப் பெற முடியவில்லை. மகள் பள்ளியில் சொல்லிவிட்டாள். பின்னர் மகனும் சொன்னான். ஊர் தெரிந்துகொண்டது. சைக்கிளை விற்க வேண்டிய நாள் வந்தபோது கடைக்காரரே அதைக் கேட்டிருப்பார். மறுத்தால் பிள்ளைகள் பொய்யராவார்கள். மற்றெல்லாக் கணக்கையும் நேராக வைத்திருந்த மனிதர், இந்த ஒரு பேரேட்டை மட்டும் கடைசிவரை இடிக்க விட்டுவைத்தார்.

ஏன் எங்களிடம் இதைச் சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டோம். "நீங்க சந்தோசமா இருந்திய" என்றாள். பிறகு, "இப்பவும் கேக்கலன்னா சொல்லிருக்க மாட்டேன்" என்றாள்.

கடைக்காரருக்கு உண்மையைச் சொல்வதா என்று நாங்கள் யோசித்தோம். மூவாயிரத்தில் பாதிக்குமேல் லோன் துரைக்காகக் கொடுத்த பணம். ஊரிலிருந்து கிளம்பும் நாளில் அவரே வழியில் எதிர்ப்பட்டு, "என்ன, வயசு கண்டுபிடிச்சாச்சா?" என்றார். "ஆமாம் அண்ணாச்சி, அப்பா சொன்னது சரிதான்" என்றோம். இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். முன்னரே பேசி வைத்துக்கொள்ளவில்லை.

சைக்கிள் இப்போது அம்மாவின் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. டயர் போட்டிருக்கிறோம், வண்ணம் அடிக்கவில்லை. சீட்டுக்குக் கீழே சுரண்டிய இடத்தில் மட்டும் தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றி வைத்திருக்கிறாள் அம்மா. துரு ஏறாமலிருக்க என்கிறாள். வருகிறவர்கள் படித்துவிடாமலிருக்கவும்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.